இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

1

நேற்றுப் பார்சல் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வழக்கமாக அப்படி வராது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா அனுப்பும் பெட்டி ஜெர்மனிக்குள் நுழைந்ததும் சுங்க அலுவலகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஒரு கடிதம் வரும். அரை நாள் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறி, ஊர் ஓரத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சீட்டு எடுத்துக் காத்திருப்பேன். என் எண் வந்ததும் சீருடைக்காரர் ஒருவர் கத்தரிக்கோலை நீட்டி, பெட்டியை நீங்களே திறங்கள் என்பார். நம்மூர்ப் பொடியின் வாசம் அந்த வெள்ளைச் சுவர் அறை முழுக்கப் பரவும். அடுத்த வரிசையில் நிற்பவர் தும்முவார்.

ஒருமுறை அந்த அதிகாரி, இது என்ன என்று கேட்டார். மசாலாப் பொடி என்றேன். அதில் என்னென்ன இருக்கிறது என்றார். வீட்டில் அரைத்தது என்றேன். அவர் பொறுமையாக, அதுசரி, அதில் என்னென்ன என்று மறுபடியும் கேட்டார். என் அக்கா அரைத்தது என்றேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன பதில் சொல்வாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவர் படிவத்தில் 'மசாலா, பலவகை' என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளியின் இளைய மகள். நூல் சம்பந்தமாகவே படித்து, கணவரோடு ஆக்ஸ்பர்க் என்ற இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. நூற்பு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் தவறி ஆறு வருடம். மகன் கார்த்திக் வடக்கே ஹாம்பர்க்கில் இருக்கிறான். அந்தச் சுங்க அதிகாரி சர்வசாதாரணமாகக் கேட்ட கேள்வியை என் வாயால் கேட்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. அதற்குள் ஒருவரை இழந்துவிட்டேன். இன்னொருவரையும் இழக்க இருந்தேன்.

2

எனக்கு வந்திருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பு தன் குடலைத் தானே அரித்துக்கொள்ளும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அதைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். ரொட்டித்தூள் ஒரு பொட்டு பட்டாலும் கணக்கில் வரும்.

கணவர் போன பிறகு நான் இளைத்ததையும், ரத்தம் வற்றியதையும், முடி கொட்டியதையும் எல்லோரும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து இன்னது என்று சொன்னார்.

ஊரில் சொன்னால் யாருக்கும் இது ஒரு நோயாகவே படவில்லை. சோறு சாப்பிடலாமா? சாப்பிடலாம். இட்லி, தோசை? தாராளமாக. இடியாப்பம்? அதுவும்தான். அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டுவிட்டுப் போனை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். வன்னியம்பட்டியில் சர்க்கரை வியாதியோடு இருக்கும் என் சித்தப்பாதான் இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னார். "எனக்குச் சோத்தைக் கொறைச்சுச் சப்பாத்தி திங்கச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கான். ஒனக்குச் சப்பாத்தியை விட்டுட்டுச் சோறு திங்கச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கான். பேசாம டாக்டரை மாத்திக்கிடுவமா தாயி?"

உண்மையில் நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ரொட்டியே சாப்பாடாக இருக்கிற ஊரில் ரொட்டியை விட்டவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சனிக்கிழமை அரிசி ஊறும். குளிர் காலத்தில் மாவு பொங்காது என்பதால் ஓவனின் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைத்துவிடுவேன். கேழ்வரகுக் களி, குதிரைவாலிப் பொங்கல், தட்டாம்பயிற்றுக் குழம்பு, அடை. குறையே இல்லை. யாரும் உடன் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு இங்கே ஒரு படிவம் உண்டு. அரசாங்கத்துக்கு அனுப்பினால் ஊனத்தின் அளவை ஓர் எண்ணாகத் தருவார்கள். சமூக வாழ்வில் கலந்துகொள்ள உங்கள் நோய் எவ்வகையில் தடையாக இருக்கிறது என்று ஒரு கேள்வி. எனக்கு ஜெர்மன் இலக்கணம் எப்போதும் காலை வாரும். கார்த்திக்கிடம் காட்டித் திருத்தாமல் நானே எழுதினேன். 'அடுத்தவர் வீட்டில் சாப்பிட முடியவில்லை' என்று எழுத நினைத்து, 'அடுத்தவர் வீடு எனக்கு இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நூற்றுக்கு இருபது கொடுத்தார்கள். நம்மூரில் பாஸ் மார்க்குக்கே முப்பத்தைந்து வேண்டும்.

கார்த்திக் வீட்டுக்கு வரும்போது ரயில் நிலையத்திலேயே ரொட்டியும் இறைச்சியும் சாப்பிட்டு, பல் துலக்கி, கை கழுவிவிட்டுத்தான் வருவான். என் சமையலறைக்குள் ஒரு துகள் வந்துவிடக் கூடாதாம். நல்ல பிள்ளை. அவன் வந்து பசிக்கிறது என்று சொல்லி நாலு வருடமாகிறது.

3

எதிர் வீட்டில் மையர் அம்மாள் இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் குடியிருந்தார். என் கணவர் இறந்த வாரத்தில் கதவைத் தட்டி, சமையல்கட்டில் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு ஒரு கேக்கோடு வருவார். காப்பி நான் போடுவேன். என்னுடைய ஜெர்மன் பாதியும் அவருடைய பொறுமை பாதியுமாக ஒரு மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டியிருக்கிறேன்.

என் நோயைச் சொன்னதும் அவர் மறுநாளே கடைக்குப் போய் எனக்கென்று தனியாக ஒரு கேக் அச்சு வாங்கிவிட்டார். கேக்கோடு ஒரு சீட்டும் வரத் தொடங்கியது. பாதாம் மாவு, முட்டை, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடக் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருப்பார். எந்தப் பாக்கெட்டை எப்போது திறந்தார் என்பதுகூட இருக்கும்.

எனக்கு அந்தச் சீட்டு பிடிக்கவில்லை. தின்னக் கொடுக்கும்போது யாராவது பட்டியல் எழுதிக் கொடுப்பார்களா? பிரியமாகக் கொண்டுவந்ததைக் கடைச் சரக்குப் போல ஆக்கிவிட்டாரே என்றிருந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன்மேல் வரக் கூடாது என்று எழுதுகிறாரோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று.

ஒரு வருடம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நோயைக் காட்டும் எண்கள் இறங்கவே இல்லை. எங்கோ இன்னும் குளூட்டன் உள்ளே போகிறது என்றார் டாக்டர். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நூல் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், இயந்திரம் இயந்திரமாகப் பின்னால் போய் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்போம். அதே மாதிரி நானும் தேடினேன். ஆபீஸ் உணவகத்தை நிறுத்தினேன். பழைய மரக்கரண்டிகளைத் தூக்கிப் போட்டேன். கார்த்திக்கின் பையைப் பால்கனியில் வைக்கச் சொன்னேன். கடைசியில் மிஞ்சியது மையர் அம்மாளின் கேக்.

அக்காவின் பெட்டி அந்த வரிசையிலேயே இல்லை. இருந்து, பரிசீலித்து, விட்டேன் என்றால்கூடப் பரவாயில்லை. நினைப்பிலேயே வரவில்லை.

மையர் அம்மாளிடம் நான் கேட்டிருக்கலாம். கரண்டி தனியா, மாவு சலிக்கும் சல்லடை தனியா என்று இரண்டு வார்த்தை. கேட்டால் அவர் எழுந்து போய்ச் சல்லடையையே கொண்டுவந்து காட்டியிருப்பார். ஆனால் அன்னம் கொண்டுவந்தவரை நிற்க வைத்து விசாரிக்க எனக்கு நாக்கு வரவில்லை. காப்பியை மட்டும் குடித்துவிட்டு, வயிறு நிறைந்திருக்கிறது, ராத்திரி சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பேன். அவர் போனதும் கேக்கைப் பழைய பேப்பரில் சுற்றி, கீழே முற்றத்தில் சமையல் கழிவு போடும் பழுப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். மறுநாள் படியில் பார்க்கும்போது, ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவேன்.

இப்படி ஐந்தாறு மாதம் போனது. ஒரு ஞாயிறு வீட்டில் பேப்பர் இல்லை. அப்படியே போட்டுவிட்டு வந்தேன். இங்கே குப்பை பிரிப்பது ஒரு மதம் மாதிரி. மையர் அம்மாள் அதில் தீவிர பக்தை. யாராவது தொட்டியில் தப்பாகப் பிளாஸ்டிக் போட்டிருந்தால் தானே எடுத்து மாற்றிப் போடுவார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி மூடியைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். பிறகு மூடியைச் சத்தம் வராமல் மெதுவாக இறக்கினார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. படியில் பார்த்தால் வணக்கம் சொல்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வெட்கத்துக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. போன இலையுதிர் காலத்தில் மகளோடு இருக்கப் போகிறேன் என்று வீட்டைக் காலி செய்தார். லாரி நின்றுகொண்டிருக்க, கை குலுக்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த வாரம் அழைப்பு மணியில் வேறு பெயர் இருந்தது.

4

கேக் நின்ற அதே வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

அக்கா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம். அத்தான் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டதால் எனக்குத் தலைவாரிவிட்டது, சமைத்துப் போட்டது எல்லாம் அக்காதான். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆகாது என்று நான் சொன்ன நாளிலிருந்து அவள் அதை ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அனுப்பும் சாம்பார் பொடியை மில்லில் கொடுப்பதில்லை. அங்கே கோதுமையும் அரைக்கிறார்கள் என்று வீட்டு மிக்ஸியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து அரைப்பாள். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது கேசரியோடு வந்தவரையும் சேமியாப் பாயசத்தோடு வந்தவரையும் என் இலைக்கு ஒரு முழம் தள்ளியே நிறுத்திவிட்டாள். கல்யாணப் பெண்ணின் தாய், ஆயிரம் வேலைக்கு நடுவில், வீட்டில் தனியாக வைத்த சாம்பாரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து தன் கையால் எனக்கு ஊற்றினாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு அது. அன்று சாயங்காலமே வயிறு உப்பிப் படுத்துவிட்டேன். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பதினெட்டு வயது வரை குடித்த தண்ணீர். நானும் ஆமாம் என்றேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் பால்கோவா வாங்கப் போனோம். நான் பழக்க தோஷத்தில், ஜெர்மனியில் கடையில் கேட்பது போல, இதில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாலு, சீனி. வேற என்ன போடணும்ங்கிறீக?"

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள், ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் சமாதானம் சொல்லி, அரைக் கிலோ கேட்டவள் ஒரு கிலோவாக வாங்கினாள். தெருவில் இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, போட்டா திங்கணும். ஆகாதுன்னா வேண்டாம்னு சொல்லணும். என்ன போட்டன்னு கேட்டா, ஒன்னைய நம்பலன்னு அர்த்தமாகிப் போகும்."

சரிதான் என்று பட்டது. எங்களை வளர்த்த விதம் அப்படி. ராஜபாளையத்தில் சாயங்காலமானால் பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து ஏதாவது கிண்ணத்தில் வரும். எதில் என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் சாப்பிடுவதுதான் மரியாதை. எனக்கு வாய்த்த நோய்க்கோ கேள்வி ஒன்றுதான் மருந்து.

5

இந்த வருடம் ஜனவரியில் டாக்டர் என்னை ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். கார்த்திக் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. உங்கள் சமையலறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றாள். கொண்டுபோனேன். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சின்ன எழுத்துகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். அக்கா பெட்டியில் வந்த பெருங்காய டப்பாவைத் திருப்பியதும் விரல் நின்றது.

கோதுமை மாவு என்று போட்டிருந்தது. பெருங்காயம் ஒரு செடியின் பிசின், அதை அப்படியே விற்பதில்லையாம். மாவு சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் ஆக்குவார்களாம். எத்தனை வருடமாகப் பார்த்த டப்பா. அதில் எழுத்து இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. உப்புப் புளி வரிசையில் வைத்திருந்தேனே தவிர, அதைச் சாப்பிடும் பொருளாக நினைத்ததே இல்லை.

ஒரு சிட்டிகைதான் போடுவோம் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை என்றாள். சட்னித் தாளிப்பு, சாம்பார், ரசம், ராத்திரி மோர் என்று விரல் விட்டு எண்ணினேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத அக்காவின் சாம்பார் பொடியையும் முறுக்கையும் வடகத்தையும் தன் பக்கம் இழுத்தாள். இவற்றிலும் இது இருக்கிறதா? தெரியாது என்றேன். யாருக்குத் தெரியும்? என் அக்காவுக்கு.

"அப்படியானால் கேட்டுவிடுங்கள்" என்றாள். அவளுக்கு அது ஒரு நிமிட வேலை.

வீட்டுக்கு வந்து முதலில் மையர் அம்மாளுக்குத்தான் கடிதம் எழுதினேன். உங்கள் கேக்கில் ஒரு குற்றமும் இல்லை, என் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது என்று நாலு வரி. இலக்கணம் சரிபார்க்கக்கூட இல்லை. குடியிருப்பு அலுவலகத்தில் போய் அவருடைய புது முகவரியைக் கேட்டேன். தனிநபர் தகவல்களைத் தர முடியாது, சட்டம் அப்படி என்றார்கள். கடிதத்தையாவது வாங்கி அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் ஏதோ ஒரு படிவத்தில் அவருடைய கையெழுத்து வேண்டுமாம். கடிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

6

அக்காவிடம் மட்டும் ஐந்து வாரம் போன் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லவில்லை. பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். தீரப்போகிறது, நன்றாக இருந்தது என்றேன். அடுத்ததற்கு மல்லி காய வைத்துவிட்டேன் என்றாள்.

என்ன சொல்வது? இரண்டு நாள் உட்கார்ந்து, ஜாரைக் கழுவிக் கழுவி அரைத்து அனுப்பியவளிடம், உன் பொடிதான் என்னைப் படுக்க வைத்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கென்று அவளால் இந்தத் தூரத்தில் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டால் எங்களுக்குள் என்ன மிஞ்சும் என்று பயந்தேன். கார்த்திக்கிடம் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "பொடியைத் தூக்கிப் போட்டுரும்மா. பெரியம்மாட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லிரு. முடிஞ்சது" என்றான். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அவன் சொன்னபடியே ஒரு சனிக்கிழமை பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். பழுப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். மையர் அம்மாள் நின்ற இடம். மூடியை இறக்கிவிட்டுப் பொட்டலத்தோடு மேலே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பொடியில போடுற பெருங்காயம் என்ன பெருங்காயம்?"

"கட்டிப் பெருங்காயந்தான். எண்ணெயில பொரிச்சு அரைப்பேன். எதுக்குட்டி கேக்குற?"

பெருங்காயப் பெட்டியை எடுத்து அதில் உள்ளதை அத்தானை வாசிக்கச் சொல் என்றேன். அடுக்களைக்குள் அவள் நடந்து போவதும், அத்தான் கண்ணாடி தேடுவதும் கேட்டது. அத்தான் எதை வாசித்தாலும் கோர்ட்டில் வாசிப்பது போலத்தான் வாசிப்பார். அன்றும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தினார். பிறகு குரலை இறக்கி, "கோதுமை மாவுன்னு போட்டுருக்கு தாயி" என்றார்.

அக்கா போனை வாங்கினாள்.

"பந்தியில எல்லாரையும் தள்ளி நிப்பாட்டிட்டு, என் கையாலல்லட்டி ஊத்துனேன்."

உனக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியவில்லையே என்றேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டால் அத்தான்தான் எடுப்பார். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார், படுத்திருக்கிறாள் என்பார். ஒருநாள், விடு தாயி, நாளாகும் என்றார். பெருங்காயத்தை விட்ட பிறகு என் உடம்பு மளமளவென்று தேறியது. மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறினேன். ரத்தத்தில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. டாக்டர் கை குலுக்கினார். கணவர் இறந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று வீட்டுக்கு வரும் பேருந்தில் நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அக்கா இருந்தாள். எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார்.

7

நேற்று வந்த பெட்டிக்குச் சுங்கக் கடிதம் ஏன் வரவில்லை என்று மேலே ஒட்டியிருந்த படிவத்தைப் பார்த்ததும் புரிந்தது. வழக்கமாக 'மசாலா' என்று ஒற்றை வார்த்தை இருக்கும் இடத்தில், அத்தான் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி, மல்லி இத்தனை கிராம், வத்தல் இத்தனை கிராம் என்று ஸ்டேஷனில் கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் எழுதுவது போல எழுதித் தள்ளியிருந்தார். எந்த அதிகாரி கேட்பதற்கும் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

உள்ளே சாம்பார் பொடி, ரசப்பொடி, அரிசி முறுக்கு. ஒவ்வொரு பொட்டலத்திலும் நூல் கட்டி ஒரு சீட்டு. அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் கையெழுத்தைப் பார்த்தே எத்தனையோ வருடம். சாம்பார் பொடிச் சீட்டை அப்படியே எழுதுகிறேன்.

"மல்லி. வத்தல். தொவரம்பருப்பு. கடலப்பருப்பு. மொளகு. சீரகம். வெந்தயம். மஞ்சள். கருவேப்பிலை. வேற ஒண்ணும் இல்லை. பெருங்காயம் போடலை. நாட்டு மருந்துக் கடையில போயி மாவு சேக்காத பெருங்காயம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு எடுத்தாரு. இதுல என்னென்ன இருக்குன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியலை. தெரியாததை ஒனக்கு எப்பிடிப் போட. மிக்ஸி ஜார் புதுசு."

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமையல்கட்டு நாற்காலியிலேயே அழுதேன். பால்கோவாக் கடையில் எனக்காக வெட்கப்பட்டவள், ஊர்க் கடைவீதியில் நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

சாம்பார் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டேன். இந்த முறை அவளே எடுத்தாள். சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எப்படி இருந்துச்சு என்றாள். நன்றாக இருந்தது என்று வாய் வரைக்கும் வந்தது.

"வாசம் பத்தலக்கா."

"பத்தாதுதான்" என்றாள். "இங்கயும் அன்னையில இருந்து பெருங்காயம் இல்லாமத்தான் வெக்கேன். அவிய தெனமும் திட்டிக்கிட்டேதான் சாப்புடுதாக."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அவள் சாப்பிடும் அதே வாசமில்லாத சாம்பாரைத்தான் நானும் சாப்பிட்டிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சீட்டைப் பத்திரப்படுத்த இழுப்பறையைத் திறந்தேன். அனுப்ப முடியாத கடிதத்தின் அடியில் மையர் அம்மாளின் சீட்டு ஒன்று கிடந்தது. மற்றதையெல்லாம் அன்றன்றே கிழித்துப் போட்டிருக்கிறேன். இது எப்படியோ தப்பியிருக்கிறது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு. பாதாம் மாவு, நாலு முட்டை, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, எலுமிச்சைத் தோல். கடைசி வரியில், சல்லடை புதிது என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். நான் கேட்கத் தயங்கியதற்கு அவர் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு சீட்டையும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். வரும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அந்தச் சீட்டில் உள்ளபடி நானே கேக் செய்யப் போகிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த எலுமிச்சைக் கேக்கை நான் சாப்பிட்டதே இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது என்று அவரிடம் சொன்னதோடு சரி.